பற்றரியில் ஓடும் சாமானும் எரியும்

பற்றரியில் ஓடும் சாமானுக்கு "கரண்ட் கூடிப் போய்" எரிகின்ற பிரச்சினை கிடையாது என்றொரு நம்பிக்கை எமது வியாபாரிகளிடம் நெடுநாளாக இருந்து வருகின்றது. மின்சார சபையின் லைனில் வோல்ற் ஏறும் இறங்கும், பற்றரியில் 12 என்றால் 12 தான், ஆகவே பயமில்லை என்று சொல்லியே நாம் சாமானை விற்கின்றோம். ஆனால் தீவகத்திலிருந்து என் மேசைக்குப் பழுதுபார்க்க வருகின்ற கருவிகளைத் திறந்து பார்த்தால், படகின் பற்றரியில் ஓடிய ஜீ.பீ.எஸ்., பிஷ் பைண்டர், சோலாரில் ஓடிய 12 வோல்ற் ரீ.வி., கடைக் கமராவின் பதிவுப் பெட்டி, பள்ளிவாசலில் பாங்குக்கு வைத்திருந்த அம்பிளிபயர் என்று ஒன்றன்பின் ஒன்றாக, கரண்ட் நுழையும் வாசலிலேயே கருகிப் போய்க் கிடக்கின்றன. லைன் கரண்டையே காணாத சாமான்கள் இவை.

இது வெறும் தொழில்நுட்ப விடயமாக இருந்தால் வியாபாரப் பக்கத்தில் எழுத வேண்டிய அவசியமில்லை. இதில் பணமும் பெயரும் இருக்கின்றன. நெடுந்தீவுக் கடற்றொழிலாளர் ஒருவர் பாதிக்காசு தந்து, மீதியைக் கொப்பியில் எழுதிவைத்து பிஷ் பைண்டர் ஒன்றை வாங்கிப் போகின்றார். மூன்றாம் மாதம் அது இருண்டு விடுகின்றது. "நானா, நீங்கள் தந்த சாமான் சரியில்லை" என்கிறார். கொம்பனிக்கு அனுப்பினால் அளவுக்கு மிஞ்சிய வோல்ற் ஏறியிருக்கின்றது, உத்தரவாதம் இதற்குப் பொருந்தாது என்று திருப்பி அனுப்புகின்றார்கள். விற்றவர் பொய் சொல்லவில்லை, வாங்கியவரும் பொய் சொல்லவில்லை. கொப்பியில் உள்ள கடன் மட்டும் கொப்பியிலேயே நின்று விடுகின்றது. அடுத்த தடவை அவர் வேறு கடைக்குப் போகின்றார்.

தொழிலாளர் பக்கத்தில் நட்டம் இன்னும் பெரிது. பாக்குநீரிணையில் இலங்கை, இந்திய கடல் எல்லை 1974 ஆம் ஆண்டு உடன்படிக்கையால் வகுக்கப்பட்டது. கடலில் அதற்கு வேலியுமில்லை, கல்லுமில்லை. நெடுந்தீவுக்கு மேற்கே இரவில் வலை போட்டிருப்பவருக்கு அந்தக் கோடு ஜீ.பீ.எஸ். திரையில் மட்டும்தான் தெரியும். திரை இருண்டால், காற்றும் நீரோட்டமும் இழுத்துப் போகும் திசை அவருக்குத் தெரியாது. கையிலுள்ள போனிலும் ஜீ.பீ.எஸ். இருக்கிறதே என்பார்கள். அந்தப் போனும் பெரும்பாலும் அதே பற்றரியில்தான் சார்ஜில் செருகப்பட்டிருக்கும்.

தீவகத்தின் நிலை

ஊர்காவற்றுறையும் வேலணையும் புங்குடுதீவும் தாம்போதி வழியாகக் குடாநாட்டோடு இணைந்தவை. லைன் கரண்ட் அங்கே போகின்றது. நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகியவை தேசிய மின்கட்டமைப்போடு இணைக்கப்படாத தீவுகள். மின்சார சபை டீசல் ஜெனறேற்றர் வைத்து ஒவ்வொரு தீவுக்கும் தனித்தனியாக மின்சாரம் கொடுத்து வந்திருக்கின்றது. இதனால் அங்குள்ள வீடுகளிலும் கடைகளிலும் ஏதோவொரு பற்றரி எப்போதும் இருக்கும். 2022 இல் டொலர் நெருக்கடி வந்து, மார்ச் மாதக் கடைசியில் நாடு முழுவதும் 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது, லைன் உள்ள இடங்களிலும் பற்றரியும் சோலாரும் இன்வேர்ட்டரும் புகுந்து கொண்டன. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடே இருண்டது என்று சொல்லப்பட்ட அன்றும், பற்றரி வைத்திருந்த கடைக்காரர்கள்தான் கல்லாப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள்.

குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் படகில் இருபது நிமிடமளவில் போய்விடலாம். நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம் தேவை. கடல் கொந்தளித்தால் அதுவுமில்லை. ஒரு சிறிய கருவியைத் திருத்துவதற்கு யாழ்ப்பாணம் வந்து திரும்ப ஒரு முழு நாள் தொழில் போகின்றது. நகரத்தில் சின்ன விடயமாகத் தெரியும் பாதுகாப்பு, தீவில் சின்ன விடயமல்ல.

வோல்ற் எகிறுவது பற்றிய அறிவு வடக்குக்குப் புதிதுமல்ல. 1990 இன் பின்னர் குடாநாட்டில் மின்சாரம் நின்று, டோர்ச் பற்றரியும் தடைப்பட்ட பொருளாகிப் போன காலத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டார்கள். (நாங்கள் அந்த ஒக்டோபரிலேயே புத்தளம் பக்கம் போய்விட்டோம். இது அங்கிருந்த நண்பர்கள் சொல்லக் கேட்டது.) சுற்றுகின்ற பிள்ளை ஒரே சீராகச் சுற்ற வேண்டும். உற்சாகத்தில் வேகமாகச் சுற்றினால் ஆறு வோல்ற் டைனமோ பலமடங்கு ஏறும், செய்தி கேட்டுக்கொண்டிருக்கும்போதே றேடியோ போய்விடும். அன்று அந்தச் சைக்கிளில் நடந்ததுதான் இன்று படகில் நடக்கின்றது.

பற்றரி ஒரு கேணி

12 வோல்ற் ஈய அமிலப் பற்றரி முழுதாக நிரம்பி ஓய்வில் இருக்கும்போது 12.6, 12.7 வோல்ற் காட்டும். இயந்திரம் ஓடி சார்ஜ் ஏறும்போது 13.8 முதல் 14.4 வரை நிற்கும். இந்த எல்லைக்குள் அதைப் பிடித்து வைத்திருப்பது பற்றரிதான். டைனமோவிலிருந்து (இன்றைய இயந்திரங்களில் இருப்பது ஒல்ரனேற்றர், ஆனால் கராஜில் எல்லோரும் டைனமோ என்றுதான் சொல்கின்றார்கள்) வருகின்ற கரண்ட் முழுவதும் ஒரு கேணிக்குள் தண்ணீர் விழுவதுபோலப் பற்றரிக்குள் விழுகின்றது. கேணி பெரிதாக இருப்பதால் தண்ணீர் மட்டம் திடீரென்று உயராது.

இப்போது அந்தக் கேணியை ஒரு கணத்தில் இல்லாமல் செய்தால் என்ன நடக்கும்? எமது தோட்டங்களில் மிசின் இறைப்பைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாக விளங்கும். தண்ணீர் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது குழாயை மிதித்து மடித்துவிட்டால், மிசின் உடனே நிற்பதில்லை. ஓடி வந்த தண்ணீர் போக இடமில்லாமல் முட்டி, பலவீனமான பூட்டைப் பிய்த்துக்கொண்டு பாயும். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது பற்றரி வயர் கழன்றால் இதுதான் நடக்கின்றது. 20, 30 அம்பியர் கொடுத்துக்கொண்டிருந்த டைனமோ அந்தக் கணத்திலேயே தன்னைக் குறைத்துக்கொள்ள முடியாது. அதன் உள்ளேயுள்ள காந்தப் புலம் தணிவதற்கு நேரம் எடுக்கும். அந்த நேரத்தில் வோல்ற் மேலே எகிறும்.

எவ்வளவு எகிறும் என்பதற்கு வாகனத் தொழிலில் சர்வதேச அளவுகோல் உண்டு. பாதுகாப்பில்லாத 12 வோல்ற் வண்டியில் 79 முதல் 101 வோல்ற் வரை, செக்கனின் பத்தில் நான்கு பங்கு நேரம்வரை நீடிக்கும் எகிறலை எதிர்பார்த்தே கருவிகளைச் சோதிக்க வேண்டும் என்று அது சொல்கின்றது. 24 வோல்ற் வண்டிக்கு இது 200 ஐத் தொடும். கண் இமைக்கும் நேரம்தான். ஆனால் 16 வோல்ற் மட்டும் தாங்கும் ஒரு சிப்புக்கு அது மிக நீண்ட நேரம்.

சிறிய வெளியிணைப்பு இயந்திரங்களில் இன்னொரு வகை உண்டு. சிலவற்றின் சார்ஜ் கொயிலில் ரெகுலேற்றரே இல்லை, கரண்டை நேர்ப்படுத்தும் டயோட்கள் மட்டும்தான் இருக்கும். அவற்றில் வோல்ற்றைக் கட்டுப்படுத்துவது பற்றரி ஒன்றுதான். பற்றரி செத்துப்போனது, கழற்றி வைத்துவிட்டு மின்குமிழை நேரே இயந்திரத்தில் கொடுத்து ஓடுவோம் என்று நினைப்பவர்கள் ஜீ.பீ.எஸ்ஸையும் அதிலேயே கொடுத்து விடுகின்றார்கள்.

உப்புக் காற்று செய்கின்ற வேலை

ஓடும்போது பற்றரி வயரை யார் கழற்றுவார்கள் என்று கேட்பீர்கள். யாரும் கழற்றுவதில்லை. உப்புக் காற்று கழற்றுகின்றது. இந்த விடயத்தில் நான் கொஞ்சம் நீட்டியே எழுத வேண்டியிருக்கின்றது, ஏனெனில் தீவகத்தில் நான் பார்க்கும் பழுதுகளில் பெரும்பகுதிக்கு மூலம் இதுதான்.

செப்பு வயரின் நுனி கடற்காற்றில் முதலில் கறுக்கும், பிறகு பச்சை பூக்கும். பற்றரியின் ஈயத் தலையில் வெள்ளைப் பூப் பிடிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் வயர் இறுக்கமாக இருப்பதுபோலத்தான் தெரியும். உள்ளே உலோகத்தோடு உலோகம் தொடுகின்ற இடம் ஊசி முனையளவு ஆகிவிட்டிருக்கும். படகு ஒரு அலையில் தூக்கி அடிக்கின்றபோது அந்த முனை ஒரு கணம் விலகும், உடனே திரும்பவும் ஒட்டும். மின்குமிழ் ஒருமுறை சிமிட்டும். ஓட்டுபவர் அதைக் கவனிக்கவும் மாட்டார். அந்தச் சிமிட்டலில் ஒரு எகிறல் போய்விட்டது. ஓர் இரவில் அது நூறு தடவையும் நடக்கலாம். கருவி முதல் தடவையிலேயே சாகாமல், அடி வாங்கி வாங்கி ஒருநாள் சாகின்றது. அதனால்தான் "நேற்று வரைக்கும் நல்லா வேலை செய்தது" என்ற பேச்சு வருகின்றது.

பல சிறு படகுகளில் இரவுத் தொழில் முடிந்ததும் பற்றரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டு போவார்கள். களவுக்கும் பயம், சார்ஜும் போட வேண்டும். தினமும் கழற்றிப் பூட்டுவதால் நட்டுப் போட்டு இறுக்குவதை விட்டு, முதலைவாய்க் கிளிப்பால் கவ்வ வைக்கும் பழக்கம் வந்துவிட்டது. மேசையில் சோதனை செய்வதற்குத்தான் அந்தக் கிளிப் உண்டானது, ஆடுகின்ற படகுக்கல்ல. தினமும் கழற்ற வேண்டுமானால் கையால் திருகி இறுக்கும் வண்ணத்துப்பூச்சி நட்டோ, அம்பியர் தாங்கும் பூட்டுப் பிளக்கோ போட வேண்டும். வயரின் நுனியில் லக் அடித்து, ஈயம் ஊற்றி, மேலே வெப்பத்தில் சுருங்கும் குழாய் போட்டு மூட வேண்டும். வெள்ளீயம் பூசிய கடல் வயர் கிடைத்தால் மிக நல்லது. இறுக்கிய பின்பு, முன்பல்ல, மேலே வசிலினோ கிறீஸோ தடவ வேண்டும். முன்பே தடவினால் சிலர் இறுக்காமலே விட்டு விடுகின்றார்கள்.

இவ்வளவுக்கும் செலவு ஒரு நேரச் சாப்பாட்டுக் காசு வரும். கடையில் லக்கும் சுருங்கு குழாயும் வைத்திருங்கள். பிஷ் பைண்டர் விற்கும்போது அவற்றைச் சும்மா கொடுத்தாலும் நட்டமில்லை.

மற்ற வாசல்கள்

படகுகளில் பற்றரி மெயின் சுவிட்ச் என்று ஒன்று இருக்கும். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கையில் அதை அணைப்பது பற்றரி வயரைக் கோடரியால் வெட்டுவதற்குச் சமம். டைனமோவின் டயோட்களும் கூடவே போகும். முதலில் இயந்திரம் நிற்க வேண்டும், பிறகுதான் சுவிட்ச்.

ஸ்டார்ட்டர் மோட்டார் வேறு விதத்தில் தொந்தரவு கொடுக்கின்றது. அது இழுக்கும்போது பற்றரி எட்டு, ஒன்பது வோல்ற்றுக்கு இறங்கும், நோஞ்சான் பற்றரியில் ஆறுக்கும் போகும். கருவி அணைந்து அணைந்து எழும்பும். இயந்திரம் பிடித்த பின்னர் கருவியைப் போடுவதே இதற்கு மருந்து.

றிலே, ஹோர்ன், தண்ணீர் வெளியேற்றும் சிறு பம்ப் போன்ற கொயில் உள்ள சாமான் எதை அணைத்தாலும் அந்தக் கொயில் தன்னிடம் தேங்கியிருந்த சக்தியை எதிர்த்திசையில் உதைக்கும். நேரம் மிகக் குறைவு, ஆனால் உயரம் நூற்றுக்கணக்கான வோல்ற் வரை போகும். றிலேயின் கொயிலுக்குக் குறுக்கே, வளையம் உள்ள பக்கம் பொசிற்றிவ்வுக்கு வருமாறு, 1என்4007 என்ற சாதாரண டயோட் ஒன்றைப் போட்டால் அந்த உதை அதே இடத்தில் அடங்கிவிடும். விலை சில ரூபா மட்டும்தான்.

ட்ரக்டர், ஓட்டோ வைத்திருப்பவர்களுக்கு: பொடியில் வெல்டிங் பிடிக்கும் முன் பற்றரியின் இரண்டு முனைகளையும் கழற்றச் சொல்லுங்கள். ஸ்டார்ட் வராத 12 வோல்ற் வண்டிக்கு 24 வோல்ற் லொறியிலிருந்து வயர் கொடுக்கும் உபகாரமும் வேண்டாம்.

சோலாரில் ஒரு ஒழுங்கு இருக்கின்றது. பூட்டும்போது முதலில் பற்றரியைக் கொன்ட்ரோலரில் கொடுக்க வேண்டும், பிறகுதான் பனல். கழற்றும்போது முதலில் பனல், கடைசியில் பற்றரி. 12 வோல்ற் பனல் என்று நாம் விற்பது உண்மையில் வெயிலில் சுமையில்லாமல் நிற்கும்போது 21, 22 வோல்ற் கொடுக்கும். பற்றரி இல்லாத நேரத்தில் விலை குறைந்த கொன்ட்ரோலர்கள் சில அந்த 21 ஐ அப்படியே ரீ.வி. பக்கம் தள்ளிவிடும். இரண்டு பனலைத் தொடராக இணைத்திருந்தால் 44 வோல்ற். பற்றரிக்குத் தண்ணீர் ஊற்றுவதற்காக மத்தியான வெயிலில் அதைக் கழற்றிய வீட்டுக்காரர், ரீ.வி. தானாக எரிந்தது என்றுதான் சொல்வார். அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

மாரி தொடங்கும் ஒக்டோபர், நொவம்பரிலும் சித்திரையிலும் இடி மின்னல் உண்டு. மின்னல் நேரே விழ வேண்டியதில்லை. கூரையிலுள்ள பனலிலிருந்து கடை வரைக்கும் ஓடும் நீண்ட வயரில் தூரத்து மின்னலே எகிறலை உண்டாக்கும். நெடுந்தீவில் மேலே கொஞ்ச மண், கீழே சுண்ணாம்புக் கல் என்பதால் எர்த் கம்பி இறக்குவதே பெரும்பாடு. இடி கேட்டால் பனல் வயரையும் ரீ.வி. வயரையும் பிடுங்கி வைப்பதை விஞ்சிய பாதுகாப்பு அங்கே இல்லை. பனல் வயரைக் கழற்றும்போது முன் சொன்ன ஒழுங்கை மறக்க வேண்டாம்.

பியூஸ் இருந்தும் ஏன்?

"பியூஸ் போட்டுத்தான் இருந்தது, பிறகெப்படி எரியும்" என்று கேட்காதவர்கள் குறைவு. பியூஸ் பார்ப்பது அம்பியரை. அது உருகுவதற்கு நேரமும் வேண்டும். வோல்ற் எகிறி சிப்பைத் துளைத்த பின்னர்தான் அம்பியர் கூடும், அதன் பிறகுதான் பியூஸ் போகும். தீப்பிடிக்காமல் அது படகைக் காப்பாற்றும், கருவியைக் காப்பாற்றாது. ஆகவே பியூஸ் கட்டாயம் வேண்டும், பற்றரிக்கு மிகக் கிட்டவே வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது.

எகிறலைப் பிடிப்பதற்கென்று ரீ.வி.எஸ். டயோட் என்ற பெயரில் ஒரு சாமான் இருக்கின்றது. குளம் வான் பாய்வதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் மட்டம் வான் உயரத்தைத் தாண்டாதவரை வான் சும்மா இருக்கும். தாண்டியதும் மிஞ்சியதை வெளியே தள்ளி அணைக்கட்டைக் காக்கும். கருவிக்கு முன்னால் பொசிற்றிவ், நெகற்றிவ் இரண்டுக்கும் குறுக்கே போடப்படும் இந்த டயோட் அப்படியான ஒரு வான்.

வானின் உயரத்தைத் தெரிவதில்தான் வேலை இருக்கின்றது. சார்ஜ் வோல்ற் 14.4 வரை போகும் என்பதால் அதற்கு மேல் இருக்க வேண்டும். கருவி தாங்கும் உச்சத்துக்குக் கீழே இருக்க வேண்டும். 12 வோல்ற் வேலைக்கு 1.5கே.ஈ.18ஏ என்ற இலக்கத்தை எடுத்துக்கொண்டால், அது 15.3 வோல்ற் வரை பேசாமல் இருக்கும், 18 வோல்ற்றளவில் திறக்கத் தொடங்கும், முழு அடி விழும்போது 25.2 வோல்ற்றில் பிடித்து நிறுத்தும். இந்தக் கடைசி எண்ணைத்தான் பலர் பார்ப்பதில்லை. கடலுக்கென்று செய்யப்பட்ட கருவிகள் பலவற்றில் 10 முதல் 32 வோல்ற் வரை என்று எழுதியிருக்கும், அவற்றுக்கு 25 பிரச்சினையில்லை. வீட்டு றூட்டருக்கோ மலிவான 12 வோல்ற் ரீ.வி.க்கோ 25 என்பதும் சாவுதான். அவற்றுக்கு இந்த டயோட்டை மட்டும் போட்டு "இனிப் பயமில்லை" என்று விற்றால் அது சரியான வியாபாரமல்ல.

மேலும் இது 1500 வாற் தாங்கும் என்பது செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்களவு நேரத்துக்குச் சொல்லப்பட்ட கணக்கு. பெரிய டைனமோவிலிருந்து பற்றரி கழன்று வருகின்ற நீண்ட எகிறலில் அது கருகிவிடும், அங்கே அதைவிடப் பெரிய வகை வேண்டும். ஆனால் இவ்வகை டயோட் சாகும்போது பெரும்பாலும் இரு முனையும் ஒட்டிக்கொண்டுதான் சாகும். முன்னால் பியூஸ் இருந்தால் அது உடனே உருகி வழியை அடைத்துவிடும். கருவி பிழைக்கும், டயோட்டும் பியூஸும் மாற்றினால் போதும். இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும்.

இதைவிட நல்லது, டீ.சி. கொன்வேட்டர் என்ற சிறு பெட்டி. 9 முதல் 36 வோல்ற் வரை எது வந்தாலும் மறுபக்கம் 12 ஐயோ 5 ஐயோ சீராகக் கொடுக்கும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். ரீ.வி., றூட்டர், கமராப் பெட்டி, போன் சார்ஜர் எல்லாவற்றுக்கும் என் சிபாரிசு இதுதான். இதற்கு முன்னால் டயோட்டையும் பியூஸையும் போட்டால் பெட்டியும் பிழைக்கும்.

சிறு படகுக்கு இவை எல்லாவற்றையும்விட எளிய வழி ஒன்று இருக்கின்றது. இயந்திரப் பற்றரியோடு தொடர்பே இல்லாத ஒரு சிறிய மூடிய பற்றரியை ஜீ.பீ.எஸ்ஸுக்கு மட்டும் வைத்துக்கொள்வது. அரை அம்பியர் இழுக்கும் கருவி பத்து மணித்தியாலத்தில் 5 அம்பியர் மணியைத்தான் எடுக்கும். 12 அம்பியர் மணிப் பற்றரி ஒன்று ஓர் இரவுக்கு வெறுமையாகாமல் தாங்கும். வீட்டில் சார்ஜ் போடலாம். டைனமோவோ ஸ்டார்ட்டரோ எட்டாத இடம் அது. வேலை செய்யும் இயந்திரம் செத்தாலும் திரை எரிந்துகொண்டிருக்கும்.

லிதியம் வந்த பின்னர்

இப்போது லிதியம் பற்றரி விலை இறங்கி தீவகத்துக்கும் வந்துவிட்டது. பாரமில்லை, ஆயுள் கூட, தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. விற்பதற்கு நல்ல சாமான். ஆனால் ஈயப் பற்றரியின் ஒரு குணம் இதற்கில்லை. ஈயப் பற்றரி நிரம்பிய பின்பும் கொஞ்சம் கொதித்துக்கொண்டு கரண்டை உள்வாங்கும், வாசலை ஒருபோதும் மூடாது. லிதியத்தின் உள்ளே பீ.எம்.எஸ். என்ற காவற்காரன் இருக்கின்றான். வோல்ற் கூடினால், அம்பியர் கூடினால், சூடேறினால், அவன் கேட்காமலே கதவை அடித்துச் சாத்துவான். பற்றரியைக் காப்பாற்றுவது அவன் கடமை, மற்றவற்றைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கையில் அவன் கதவைச் சாத்தினால், மேலே கோடரி என்று சொன்னேனே, அதுவேதான். வயரெல்லாம் புதிதாக, இறுக்கமாக இருந்தும் கருவி எரியும்.

ஆகவே பழைய ஈயப் பற்றரியைக் கழற்றிய இடத்தில் லிதியத்தை அப்படியே வைத்துப் பூட்ட வேண்டாம். இயந்திரத்துக்கு ஈயப் பற்றரியை விட்டுவிட்டு, அதிலிருந்து டீ.சி. சார்ஜர் மூலம் லிதியத்துக்கு ஏற்றுவதே ஒழுங்கான முறை. சோலாரிலும் கொன்ட்ரோலரில் லிதியம் என்ற தெரிவு இருக்கின்றதா என்று பார்த்தே விற்க வேண்டும்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்றும் சூரியனும் பற்றரியும் சேர்ந்த மின் திட்டம் வருகிறதே, அதன் பிறகு இந்தத் தொல்லை தீர்ந்துவிடும்தானே என்று நயினாதீவு நண்பர் ஒருவர் கேட்டார். அந்தத் திட்டம் முதலில் ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில் 2021 இல் ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்குப் போய், இந்தியாவின் ஆட்சேபத்தோடு இழுபட்டு, அவ்வாண்டு டிசம்பரில் சீனத் தரப்பு இடைநிறுத்தி, பின்னர் இந்திய மானியத்துக்கு மாறியது. 2024 மார்ச் 1 ஆம் திகதி பெங்களூரு நிறுவனமொன்றோடு ஒப்பந்தம் கைச்சாத்தானது. மூன்று தீவுகளுக்குமாக 1700 கிலோவாற் சூரியசக்தி, 530 கிலோவாற் காற்று, 2400 கிலோவாற் மணிப் பற்றரி, 2500 கிலோவாற் டீசல் துணை என்பது அறிவிக்கப்பட்ட அளவு. இப்படியான நிலையங்களில் எகிறலைப் பிடிக்கும் சாதனங்கள் வைப்பார்கள். ஆனால் அவை நிலையத்தைக் காப்பதற்கு. வீட்டுக்கு லைன் கரண்ட் நன்றாக வந்தாலும், கடலில் நிற்கும் படகின் 12 வோல்ற் வயருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமுமில்லை.

விற்பவர் கவனத்துக்கு

சாமானைக் கொடுக்கு முன் இது எதிலே ஓடப் போகின்றது என்று கேளுங்கள். படகா, சோலாரா, ட்ரக்டரா? அந்தப் பற்றரிக்கு எங்கிருந்து சார்ஜ் வருகின்றது? ஈயமா, லிதியமா? இதைக் கேட்க ஒரு நிமிடம் போதும். பதிலைப் பில்லின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். சோலார் கொன்ட்ரோலரின் முகத்தில் "பற்றரி முதலில், பனல் பிறகு" என்று ஒரு துண்டு ஒட்டிக் கொடுங்கள்.

எரிந்த சாமான் திரும்பி வந்தால், வாங்கியவர் முன்னிலையிலேயே திறந்து பாருங்கள். உட்புகும் இடத்தில் இருக்கும் பாதுகாப்பு டயோட் ஒட்டிப் போயிருந்தால் எகிறலோ, பொசிற்றிவ் நெகற்றிவ் மாற்றிப் பூட்டியதோ தான் காரணம். பிந்தியதென்றால் பெரும்பாலும் பியூஸும் போயிருக்கும், வயரின் நிறத்தைப் பார்த்தாலே விளங்கிவிடும். வாசலில் எல்லாம் சுத்தமாக இருந்து உள்ளே வேறெங்கோ பழுது என்றால், அது கொம்பனியின் பிழையாக இருக்க இடமுண்டு, உத்தரவாதத்துக்குத் துணிந்து அனுப்பலாம். படகில் போய் மீற்றர் பிடித்துப் பார்த்தேன், 13.9 தான் காட்டுகிறது என்று யாராவது வாதாடினால், சாதாரண டிஜிற்றல் மீற்றர் செக்கனுக்கு இரண்டு மூன்று தடவைதான் அளக்கும், எகிறல் அதற்குள் வந்து போய்விடும் என்று சொல்லுங்கள். மீற்றரை வைத்துவிட்டு, பற்றரியின் தலையைக் கையால் அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.